இருபத்தேழாம் நம்பர் பில்லை

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கூடுதல் இரண்டும் என் கொழுந்தனார் பிள்ளைகள். அவர்களுடைய அம்மா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். விளக்கு வைக்கும் நேரத்தில் ஐந்தையும் எண்ணி உள்ளே சேர்ப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் சேர்த்துத் தலை பின்னி, சோறு போட்டு, பாயும் விரித்துவிட்டேன். அவள் அம்மா தேடிக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருப்பதே தெரிந்தது. எண்ணுவதில் இவ்வளவு கெட்டிக்காரியான நான்தான் பிற்பாடு ஒரு செராமிக் கம்பெனி கேட்டில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆள் எண்ணினேன்.

போன மாதம் ஊரில் இருக்கிற ஒரு கல்லூரியிலிருந்து ஒரு வாத்தியாரம்மா என்னைத் தேடி வந்தார். கையில் ஃபைல், கழுத்தில் அட்டை. ரேஷன் கார்டு சரிபார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் ஆதாரை எடுத்து வைத்தேன்.

"அம்மா, கேஸ் லீக்ல ஒரு பொண்ணைக் காப்பாத்துன செக்யூரிட்டி அம்மா நீங்கதானே?"

"செக்யூரிட்டி நான்தான். காப்பாத்துனது ரெண்டு பேரு. அதுல நான் பாதி."

"எங்க பிள்ளைங்க முன்னாடி வந்து பத்து நிமிஷம் பேசணும்மா. தேசப் பாதுகாப்பு, பேரிடர் மேலாண்மை, இதுல என்னென்ன வேலைவாய்ப்பு இருக்குதுன்னு ஒரு நிகழ்ச்சி."

"தேசமா? நான் காத்தது ஒரே ஒரு இரும்பு கேட்டு, கண்ணு. அதுவும் துருப் புடிச்சது."

அவர் சிரித்துவிட்டு, கண்டிப்பாக வர வேண்டும் என்று சொல்லிப் போனார். நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். மேடையில் என்னோடு ஒரு தீயணைப்பு அதிகாரி, பட்டாளத்தில் இருந்த ஒருவர், கன்ட்ரோல் ரூமில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஒரு சின்னப் பெண். நடுவில் நான். என்னை அறிமுகப்படுத்தின பையன், "ஆபத்து என்று தெரிந்த உடனே, தன் உயிரைப் பொருட்படுத்தாமல்" என்று ஆரம்பித்தான். அந்த 'உடனே' என் காதில் விழுந்தது. மைக்கைப் பிடித்து, "எல்லாரும் நல்லாப் படிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் கை தட்டினார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கைதட்டு வாங்குவது எனக்கு அது முதல் தடவை இல்லை.

நிகழ்ச்சியைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்களாம். பேசாமல் விட்டதை எழுதியாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். அந்த 'உடனே' சரியில்லை. அதைச் சரிசெய்வதற்குத்தான் இது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி பவித்ரா எழுதுகிறாள்.

நான் முதலில் கேட் காவல் வேலைக்குப் போகவில்லை. கல்யாணமாகி வந்த புதிதிலிருந்து கம்பெனிக்கு உள்ளேதான் வேலை. களிமண் குழம்பை அச்சில் ஊற்றுவது, காய்ந்த பொம்மையை எடுத்துப் பிசிறு தேய்ப்பது, வண்ணம் வைப்பது. பதினெட்டு வருடம் அந்த வெள்ளைத் தூசியை மூக்கால் தின்றேன். இருமல் வந்தது. தூசி இருக்கிற இடத்துக்கே போகக் கூடாது என்றார் டாக்டர். அந்தச் சமயம் பார்த்துக் கேட்டில் பெண்களைச் சோதனை போட ஒரு பெண் தேவைப்பட்டது. அச்சுக் கொட்டகையிலிருந்து கேட்டுக்கு நாற்பது அடி. அந்த நாற்பது அடிதான் எனக்குக் கிடைத்த பிரமோஷன்.

கடலூரில் பதினோரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. இடது, வலது எனக்கு நன்றாகத் தெரியும்; அங்கே சொல்லிக்கொடுத்தவருடைய இடது மட்டும் எனக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. சல்யூட் அடிக்கச் சொன்னால் இரண்டு கையும் தானாகச் சேர்ந்து கும்பிட்டுவிடும். விசில் கொடுத்தார்கள். ஊதினால் காற்றுதான் வந்தது. எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். எண் மட்டும் பஸ் நம்பர் பார்த்துப் பார்த்துப் பழக்கம். பன்னிரண்டாம் நாள் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நல்லதாகத்தான் இருக்க வேண்டும், ஓரத்தில் பூ போட்டிருந்தது.

கேட்டில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர், வேப்பூர்ப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் சுபேதார் ஐயா. ஆறடி உயரம், நரைத்த மீசை, அடியில் இரும்பு லாடம் அடித்த பூட்ஸ். வாசலில் நடந்தால் சூளைக்காரனுக்குக் கேட்கும். அவரிடம் ஒரு வழக்கம். மனசு நல்லபடி இருந்தால் "இந்தா தனபாக்கியம்" என்பார். கோபம் ஏறஏற மரியாதையும் ஏறும். "தனபாக்கியம் அம்மா, தயவு செஞ்சு கொஞ்சம் இப்படி வரீங்களா?" என்றால் அன்றைக்கு நான் செத்தேன் என்று அர்த்தம். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த 'தயவு செஞ்சு'வைத்தான் தாங்க முடியாது.

ஆள் எண்ணும் முறையை ஏற்படுத்தினவர் அவர்தான். எங்கள் சூளையிலேயே சுட்ட பீங்கான் பில்லைகள், ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரியவை, மேலே ஓட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். மொத்தம் அறுபத்திரண்டு. கேட்டில் இரண்டு பலகை. வேலைக்கு வருகிறவர்கள் 'வெளியே' பலகையிலிருந்து தங்கள் பில்லையை எடுத்து 'உள்ளே' பலகையின் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பும்போது மாற்றி மாட்ட வேண்டும். ஆபத்துச் சங்கு ஊதினால் நான் 'உள்ளே' பலகையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புங்கமரத்தடிக்கு ஓட வேண்டும். அங்கே நம்பரைக் கூப்பிடக் கூப்பிட அவரவர் வந்து பில்லையை எடுத்துக்கொள்வார்கள். பலகையில் எந்தப் பில்லை மிச்சமோ, அந்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார்.

"ஆளோட மூஞ்சியப் பாக்காத, பலகையப் பாரு" என்பார் ஐயா. "ஆளு பயத்துல என்ன வேணா சொல்லுவான். பலகை பொய் சொல்லாது."

முதல் ஒத்திகையில் நான் செய்த காரியத்தை ஊரே இன்னும் சொல்லிச் சிரிக்கும். சங்கு ஊதியது. எனக்குப் பதறிவிட்டது. பலகையைக் கழற்றினேன், வெளியே ஓடினேன், பதினோரு நாள் பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்து கேட்டை இழுத்துப் பூட்டினேன், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு புங்கமரத்தடியில் போய் நின்றேன். அறுபத்திரண்டு பேரும் கம்பிக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம் ஒற்றை ஆளாக நின்று, "ஒண்ணாம் நம்பரு!" என்று கூப்பிடுகிறேன்.

"யக்கா, நீ தப்பிச்சுட்ட, சந்தோஷம். எங்களத் தொறந்து வுடுறியா?" என்று கத்தினாள் செல்வி.

ஐயா கம்பி வழியாக என்னைப் பார்த்தார். "தனபாக்கியம் அம்மா," என்றார். "நீங்க ரொம்ப பத்திரமா இருக்கீங்க. தயவு செஞ்சு அந்தச் சாவியக் குடுக்குறீங்களா?"

செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தேழாம் நம்பர். பொம்மைக்கு வண்ணம் வைக்கிறவள், வாய் ஓயாது. கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீட்டில் குடியிருந்தாள். கைக்குழந்தை ஒன்று.

எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், தங்கையையோ மாமியாரையோ அனுப்பிவிடுவோம். மாத்து ஆள் என்று பேர். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வரவில்லை என்றால் நம்பர் வேறொருத்திக்குப் போய்விடும், அந்தப் பயம். நானே செய்திருக்கிறேன். என் கடைசிப் பிள்ளைக்கு அம்மை போட்டபோது என் மாமியார் நான்கு நாள் எனக்குப் பதிலாக வந்து பொம்மைக்குக் கண் எழுதினார். அந்த நான்கு நாள் பொம்மையெல்லாம் என் மாமியாரைப் போலவே முறைத்துக்கொண்டிருந்தன.

மாத்து ஆளை விடவே கூடாது என்பது சுபேதார் ஐயாவின் உத்தரவு. கேட்டில் நிற்கிற நானோ நேற்றுவரை உள்ளே இருந்தவள். எப்படி மறிப்பேன்? விட்டுவிடுவேன். அக்காவின் பில்லையைத் தங்கை மாட்டிவிட்டுப் போவாள். ஒத்திகை வந்தால் மாட்டிக்கொள்வாளே என்று அதற்கும் நானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவளை உள்ளேயே ஒளிந்திருக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பில்லையை மட்டும் நான் நைசாகக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வேன். பலகை காலியாகிவிடும். ஐயா நோட்டில் 'சரி' என்று எழுதுவார். இரண்டு தடவை அப்படி நடந்தது. என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அன்றைக்குச் செல்வியின் குழந்தைக்குக் காய்ச்சல். தங்கை மீனாவை அனுப்பியிருந்தாள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து அக்கா வீட்டுக்கு வந்திருந்த பெண், பத்தொன்பது வயது இருக்கும். கம்பெனி வாசலையே அதற்கு முன் பார்த்ததில்லை. பில்லையை எந்தப் பலகையில் மாட்டுவது என்றுகூட என்னைத்தான் கேட்டாள்.

"பயப்படாத," என்றேன். "சங்கு ஊதுனா மட்டும் வெளிய வந்துடாத. ஆபீசரு ஆளு எண்ணுவாரு. ஒன்னப் பாத்தா ஒங்கக்காளுக்கு வேல பூடும். அச்சு ரூமு தெரியுதா? ரெண்டு படி எறங்கணும். ரெண்டாவது அலமாரி பின்னாடி குந்திக்க. நான் வந்து கூப்புடுறேன். வேற யாரு கூப்ட்டாலும் வாயத் தொறக்காத."

"சரிங்கக்கா" என்று தலையாட்டிவிட்டுப் போனாள். நான் சொன்னதை அப்படியே கேட்டு நடந்த ஒரே ஆள் என் வாழ்க்கையில் அவள்தான்.

பத்தரை மணி இருக்கும். டீ வந்து போயிருந்தது. சங்கு ஊதியது. ஒத்திகை என்று நினைத்துத்தான் பலகையைக் கழற்றினேன். அப்புறம் வாடை வந்தது. வீட்டு அடுப்பில் லேசாக வருமே, அந்த வாடை. இங்கே ஆளைத் தள்ளுகிற மாதிரி வந்தது. சிலிண்டர் கொட்டகையில் ரப்பர் குழாய் பிடுங்கிக்கொண்டுவிட்டது, வால்வு இறுகிப்போய்த் திரும்பவில்லை என்று கத்திக்கொண்டு வந்தார் ஃபிட்டர். பக்கத்திலேயே சூளை. நெருப்பை அணைத்துவிட்டார்கள், ஆனால் உள்ளே செங்கல் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கும். ஒரு பொறி போதும். தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டாயிற்று. ரயில்வே கேட் போட்டிருக்கிறது, கொஞ்சம் தாமதமாகும் என்றார்கள்.

இந்தத் தடவை கேட்டைப் பூட்டவில்லை. அகலத் திறந்துவிட்டு ஓடினேன். எல்லோரும் வந்தார்கள். ஐயா நோட்டுடன் நிற்க, நான் நம்பரைக் கூப்பிட்டேன். மீனாவும் இந்தக் கூட்டத்தோடு ஓடி வந்திருப்பாள் என்று நினைத்து, இருபத்தேழைக் கழற்றி ஒளிக்காமல் விட்டிருந்தேன். இவ்வளவு வாடையில் யாராவது உள்ளே உட்கார்ந்திருப்பார்களா?

"இருபத்தேழு!"

"இருக்கேங்க!"

ஒரு கை வந்து பில்லையை எடுத்தது. எனக்கு உயிர் வந்தது. மேலே கூப்பிட்டேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது. அறுபத்திரண்டு வரை. பலகை காலி.

அப்புறம்தான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். எல்லோரும் களிமண் அப்பின வேலைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இருபத்தேழு மட்டும் நைட்டியில் நிற்கிறது. மேலே துண்டு, இடுப்பில் குழந்தை. செல்வி. சங்குச் சத்தம் கேட்டு, தங்கையைத் தேடி வீட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். வந்த இடத்தில் அவள் நம்பரைக் கூப்பிட்டதும், வருடக்கணக்கான பழக்கத்தில் வாய் தானாக 'இருக்கேங்க' என்றுவிட்டது.

அவள் என்னைப் பார்த்து, மீனா எங்கே என்று தாடையை அசைத்துக் கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்குத் தெரியும். ரெண்டாவது அலமாரிக்குப் பின்னால். அவள், தங்கச்சி வேறு பக்கமாய் ஓடி வந்திருப்பாள் என்று நினைத்துக் கூட்டத்துக்குள் தேட ஆரம்பித்தாள்.

ஐயா ஆளைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்தார். "எல்லாம் சரியா?" என்று கேட்டார்.

நான், "சரிங்கய்யா" என்றேன்.

இதைத்தான் இத்தனை வருடமாக ஒருவரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் சாகும்வரை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

அவர் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மரத்தடியில் ஒரு பானையில் தண்ணீர் இருந்தது. அவர் ஒரு சொம்பு மொண்டு, அண்ணாந்து குடித்தார். பெரிய சொம்பு. தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சொன்னால் என் வேலை போய்விடும். செல்வி வேலையும் போய்விடும். சொல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது, வண்டி வந்துவிடும், மீனாவே வெளியே வந்துவிடுவாள், ஒருவேளை ஏற்கனவே பின்பக்கமாய் வந்திருப்பாள். இத்தனையும் நினைத்தேன். கடைசிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் புதுச்சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன், அதைக்கூட நினைத்தேன். அவர் நிறுத்தி மூச்சு வாங்கி, மறுபடியும் குடித்தார். அப்போதும் நான் பேசவில்லை. முழுச் சொம்பையும் குடித்து முடித்து, மீசையைத் துடைத்து, சொம்பை என்னிடம் நீட்டினார்.

"பரவால்ல தனபாக்கியம்," என்றார். "ஒன்னால இன்னிக்கு ஒரு ஆளு விடாம வெளிய வந்துட்டாங்க."

அவர் என்னைப் பாராட்டினது அது ஒரே தடவை. அதையும் என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. சொம்பு கீழே விழுந்தது.

"ஐயா, ஒரு பொண்ணு உள்ள இருக்குதுங்க."

"எந்த நம்பர்?"

"நம்பரு இல்லீங்க. மாத்து ஆளு. அச்சு ரூமு, ரெண்டாவது அலமாரி பின்னாடி."

"அவ்வளவு சரியா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தாங்க ஒளிஞ்சிக்கச் சொன்னேன்."

மீசை ஒரு தடவை துடித்தது. "நல்லது தனபாக்கியம் அம்மா," என்றார். இவ்வளவு மரியாதையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். லாடம் சிமெண்டில் உரசினால் பொறி வரும், அதற்காக. அவர் கிளம்பினதும், நானும் பின்னால் ஓடினேன்.

"நீங்க எங்க வரீங்க?"

"ஒங்க கொரல் கேட்டா அது வாயே தொறக்காதுங்கய்யா. ஒங்களுக்குப் பயந்துதான் ஒளிஞ்சிருக்குது. நான் கூப்ட்டாத்தான் வரும்."

திரும்பி என் கையைப் பார்த்தார். "வளையலக் கழட்டுங்க. சாவிய வீசுங்க. எந்த சுவிட்சையும் தொடாதீங்க. புகைன்னா குனிஞ்சு போகணும், கேஸுன்னா நிமிந்து போகணும். கேஸு தரையோட தரையா படுத்திருக்கும். மூஞ்சிய மேல வெச்சுக்கிட்டு என் பின்னாடியே வாங்க. புரிஞ்சுதுங்களா?"

புரிந்தது. தரையோடு தரையாக. நான் அந்தப் பெண்ணைக் குந்தச் சொல்லியிருந்தேன்.

ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு போனோம். களிமண் குழம்பு சிந்தின தரை, வழுக்கியது. அச்சு அறையின் இரண்டு படியில் இறங்கினதும் தலை கிறுகிறுத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் வரிசை வரிசையாய் வெள்ளை அச்சுகள். பார்க்கிற பக்கமெல்லாம் தலையில்லாத பொம்மை அச்சாக இருந்தது.

"மீனா!" என்றேன். சத்தம் இல்லை. "மீனா, நான்தான்டி, கேட்டு அக்கா!"

அலமாரிக்குப் பின்னாலிருந்து தூக்கத்தில் பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"யக்கா... ஆபீசரு போயிட்டாரா?"

பக்கத்தில் நின்ற சுபேதார் ஐயாதான் பதில் சொன்னார். அவருக்கு அப்படி ஒரு மெல்லிய குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"போயிட்டாரும்மா. நீ வா."

அவளால் எழ முடியவில்லை. அவர் அலமாரியை ஒரு கையால் நகர்த்தி, அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். வெளியே வரும் வழியில் அவர் முதுகெல்லாம் வாந்தி எடுத்தாள். புங்கமரத்தடிக்கு வந்து படுக்க வைத்த பிறகு கண்ணைத் திறந்து, அவர் மீசையைப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டாள். செல்வி குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து, தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி இரண்டு வைத்தாள். அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

தீயணைப்பு வண்டி வந்தது. வால்வை அவர்கள் அடைத்தார்கள். எதுவும் பற்றிக்கொள்ளவில்லை. மீனாவை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

மறுநாள் ஐயா அறிக்கை எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார். 'மாற்று ஆளை அனுமதித்ததைக் காவலர் ஒப்புக்கொண்டார்' என்று படித்தார். சரி என்றேன். 'ஆள் உள்ளே இருப்பதை உடனே தெரிவித்தார்' என்று படித்தார்.

பேனாவை மூடாமல் காத்திருந்தார். "உடனேன்னு போட்டிருக்கேன்," என்றார். "சரிதானே?"

தண்ணீர் குடித்தது அவர்தான். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? திருத்துவதற்கு எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார் என்று இப்போது நினைக்கிறேன். "சரிங்கய்யா" என்று மறுபடியும் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். பதினைந்து நாள் வீட்டில் உட்கார வைத்தார்கள், திரும்பக் கேட்டுக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். செல்விக்கும் வேலை போகவில்லை. அந்த ஒரு சொல்லால்தான் எனக்கு ஊரில் இவ்வளவு பெயர்.

அதன் பிறகு ஐயா நீலப் பூச்சுப் பூசி, நம்பர் இல்லாத பில்லை பத்து சுட்டு வாங்கினார். "யாரு, யாருக்கு மாத்துன்னு எதுவும் கேக்காத. உள்ள போற ஒவ்வொரு தலைக்கும் ஒண்ணு மாட்டு" என்றார். மாத்து ஆள் கூடாது என்று அப்புறம் அவர் சொல்லவே இல்லை.

நான் பெரிய ஆளாகிவிட்டேன். மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்த ஒரு மழைக்கு, பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தவர்களை எண்ணுவதற்குத் தாலுகா ஆபீசிலிருந்து என்னை ஜீப்பில் வந்து அழைத்துப் போனார்கள். அதற்குள் ஒரு பை நிறையச் சேர்ந்திருந்த நீலப் பில்லைகளோடு போய் நின்றேன். சாம்பார் சாதப் பொட்டலத்துக்காக வந்த ஒரு பெரியவர், "எங்க வூடு மேட்டுல இருக்குது, நான் தங்க வரலம்மா, துன்னுட்டுப் போயிடுவேன்" என்றார். "துன்னுற வரைக்கும் மாட்டிக்க தாத்தா" என்று கழுத்தில் போட்டுவிட்டேன். அவரும் பில்லையோடேயே போய்விட்டார். மூன்று நாள் எண்ணிக்கையில் ஒன்று குறைந்து, அவரைத் தண்ணீரில் தேடினோம். அவர் டீக்கடையில் இருந்தார். கேட்டைப் பூட்டினவள் புத்தி எங்கே போகும்!

மீனாவை ஸ்ரீமுஷ்ணத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பஸ்ஸில் எப்போதாவது பார்ப்பேன். எழுந்து இடம் கொடுப்பாள். பக்கத்தில் இருக்கிறவர்களிடம், "இவங்கதான், நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்ச ஒடனே ஓடியாந்து தூக்குனவங்க" என்பாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பிள்ளைகளே, அந்த மேடையில் இருந்த அதிகாரிகள் நிறைய வேலை சொன்னார்கள். தீயணைப்பு, மீட்புப் படை, கடலோரக் காவல், கன்ட்ரோல் ரூம். பரீட்சை, உயரம், மார்பளவு, ஓட்டம் எல்லாம் சொன்னார்கள். எழுதுங்கள், ஓடுங்கள். எனக்கு அதில் எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்த வேலையில் ஒரு நாள் தப்பு உங்களுடையதாகவே இருக்கும், அதைச் சொன்னால்தான் ஒருத்தர் பிழைப்பார். அப்போது வாய் திறக்க எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் நேரம் ஆனது. மீனா பிழைத்தது அவள் அதிர்ஷ்டம். என் கெட்டிக்காரத்தனம் அதில் எதுவும் இல்லை. சுபேதார் ஐயா இப்போது இல்லை. அறிக்கையைத் திருத்த அவரிடம் போக முடியாது. அதனால் இந்தப் புத்தகத்தில் திருத்துகிறேன்.

இவ்வளவுதான் பவித்ரா, பேனாவ வெச்சுடு. "ஆயா, இது வேணுமா, வேற மாதிரி எழுதட்டுமா"ன்னு ரெண்டு தரம் கேட்டுட்ட, மூணாந்தரம் கேக்காத. மொதல்லேருந்து ஒரு வாட்டி படிச்சுக் காட்டு. பூட்டுன கேட்டு வந்தா சிரிச்சுக்க, பரவால்ல. அவரு தண்ணி குடிக்கிற எடம் வந்தா மட்டும், ஆயா மேல பாவப்பட்டு வேகமாப் படிச்சுட்டுப் போயிடாத. அவரு எவ்ளோ நேரம் குடிச்சாரோ, அவ்ளோ நேரம் படி.